ஸ்பானிய மொழியின் நான்கு இறந்தகாலங்கள் - கற்பதும் நினைவில் வைப்பதும்



ஒரு பம்பு ஹவுஸின் லாக் புத்தகத்தில் இரண்டு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, "பம்பு நின்றது". மற்றொன்று, "பம்பு அடிக்கடி நின்றுகொண்டிருந்தது". முதல் வரியைப் படிக்கும் டெக்னீஷியன் ஒரே ஒரு காரணத்தைத் தேடுவான். ஃபியூஸ் போயிருக்குமா, கரண்ட் போயிருக்குமா என்று பார்ப்பான். இரண்டாவது வரியைப் படிப்பவன் தேடுவது வேறு. லூஸ் கனெக்ஷனா, ஓவர்லோடா, பேரிங் சூடாகிறதா என்று யோசிப்பான்.

இந்த இரண்டு வரிகளையும் ஸ்பானிய மொழியில் எழுதினால், "ல போம்ப ஸெ பரோ" என்பது முதலாவது. "ல போம்ப ஸெ பராப" என்பது இரண்டாவது. பரோ, பராப. ஒரே ஓர் அசைதான் வித்தியாசம். அந்த அசையைத் தவறவிட்டால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தப்பான இடத்துக்குப் போவோம். அதனால்தான் இறந்தகாலத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு விட முடியாது.

ஸ்பானிய மொழி சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் சபையின் 6 ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆர்வத்துக்காகவோ வேலைக்காகவோ இதைத் தொடங்கும் நம் நண்பர்களில் பலர், நிகழ்காலம் வரை உற்சாகமாக வருகிறார்கள். இறந்தகாலம் வந்ததும் "மண்டை காயுதுடா" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை என்பது என் அனுபவம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நெடில் எழுத்து வரும் இடத்தில் குரலை அழுத்த வேண்டும். "தோமொ" என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். "தொமோ" என்றால் அவன் எடுத்துக்கொண்டான். அழுத்தம் இடம் மாறினால் காலமும் மாறும், ஆளும் மாறும்!

இரண்டாவது, சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் ப, த, க ஆகியவற்றை "கோபம்", "காது", "மகன்" என்பதில் வருவதுபோல மென்மையாகச் சொல்லுங்கள். "ப்ப", "த்த", "க்க" என்று இரட்டித்தால் வல்லோசை. சொல்லின் முதலில் ப வந்தால் அது பஸ்ஸின் ப-வா, பழத்தின் ப-வா என்பதை அகராதியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன "போம்ப" பஸ்ஸின் ப.

நமக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன?

"குடித்தேன்" என்று சொன்னாலே குடித்தது நான் என்று தெரிந்துவிடுகிறது. "நான்" என்ற சொல் தேவையே இல்லை. ஏன் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்பானிய மொழியும் அப்படியே. "தொமே" என்றால் குடித்தேன். "தொமாஸ்தெ" என்றால் குடித்தாய். ஆங்கிலத்தின் வழியாக யோசித்தால் இது விசித்திரமாகத் தெரியும். தமிழின் வழியாக யோசித்தால் சர்வ சாதாரணம்.

காலங்களும் அப்படித்தான். தினமும் நாம் பேசும் பேச்சிலேயே நான்கு விதமான இறந்தகாலங்கள் இருக்கின்றன.

1. டீ குடித்தேன்.
2. டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
3. டீ குடிச்சாச்சு, குடித்திருக்கிறேன்.
4. (அவன் வருவதற்குள்) டீ குடித்திருந்தேன்.

ஸ்பானிய மொழியிலும் இதே நான்கு. இலக்கணப் புத்தகம் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் முறையே இந்தெஃபினீதொ, இம்பெர்ஃபேக்தொ, பெர்ஃபேக்தொ, ப்லுஸ்க்வம்பெர்ஃபேக்தொ. வாயில் நுழையவே அரை மணி ஆகும்! எனவே நான் நான்குக்கும் தமிழில் பெயர் வைத்துக்கொண்டேன்: முடிந்தது, ஓடியது, ஒட்டியது, முந்தியது. இந்த நான்கு சொற்களை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. (ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது பழைய நூல்நடையில் மட்டும் வருவது. பேச்சில் தேவைப்படாது.)

முதலாவது: முடிந்தது

ஸ்பானிய வினைச்சொற்கள் ஆர், ஏர், இர் என்று மூன்று முடிவுகளில் வரும். (ஆர் என்றதும் மரியாதை விகுதி என்று எண்ணிவிடாதீர்கள்.) "தொமார்" என்றால் எடுத்துக்கொள்ளுதல், குடித்தல். "கொமேர்" என்றால் சாப்பிடுதல். "ஸலீர்" என்றால் வெளியே புறப்படுதல்.

தொமார்: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன்.

கொமேர்: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன்.

வரிசை நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள். ஸலீர் அப்படியே கொமேரைப் பின்பற்றும்: ஸலீ, ஸலீஸ்தெ, ஸலியோ... ஆக மூன்று வகைக்கு இரண்டே அச்சு. இன்னொரு சலுகையும் உண்டு. ஐந்தாவதாக உள்ள "நீங்கள்" வடிவம் ஸ்பெயின் நாட்டில்தான் வழக்கு. லத்தீன் அமெரிக்க நாடுகளில் "நீங்கள்" என்பதற்கும் "அவர்கள்" வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது: ஓடியது

தொமார்: தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன்.

கொமேர்: கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயய்ஸ், கொமீயன்.

இங்கும் ஸலீர், கொமேர் வழிதான். ஆர் வினைக்கு "ஆப", மற்றவற்றுக்கு "ஈய". ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், தாய்மொழியான லத்தீனைப் பார்க்க வேண்டும். லத்தீனில் இரண்டு பக்கமும் "ப" ஒலி இருந்தது. ஆர் வினைகளில் அது நிலைத்தது. மற்றவற்றில் தேய்ந்து மறைந்துபோனது. "ஈய" என்பது "ப"வைத் தொலைத்த "ஆப"வின் தம்பி என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடியதில் விதிவிலக்கு எத்தனை தெரியுமா? மொத்த மொழியிலும் மூன்றே மூன்று. "ஸேர்" (இருத்தல்): ஏர. "ஈர்" (போதல்): ஈப. "பேர்" (பார்த்தல்): பெயீய. அவ்வளவுதான். நான்கு காலங்களில் இதுதான் எளிமையானது. இதிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை.

எதை எங்கே போடுவது?

வடிவத்தை மனப்பாடம் செய்துவிடலாம். எங்கே எதைப் போடுவது என்பதுதான் உண்மையான சிக்கல். பலரும் சொல்லும் விளக்கம், "சட்டென்று முடிந்தால் முதலாவது, நெடுநேரம் நடந்தால் இரண்டாவது" என்பது. இது சரியல்ல. "பத்து வருஷம் ஃபாக்டரியில் வேலை செய்தேன்" என்பதற்கு "த்ரபஹே தியேஸ் ஆஞொஸ்" என்று முடிந்ததைத்தான் போட வேண்டும். பத்து வருஷம் குறைந்த காலமா என்ன?

நீளம் கணக்கல்ல. வேலிதான் கணக்கு. நடந்த செயலைச் சுற்றி வேலி போட்டு, ஆரம்பமும் முடிவும் அடங்கிய ஒரே துண்டாக வெளியே நின்று பார்த்தால், அது முடிந்தது. செயலுக்கு உள்ளே போய் நின்று, முன்னாலும் பின்னாலும் எல்லை தெரியாமல் பார்த்தால், அது ஓடியது. பத்து வருஷம் என்று அளவு சொன்ன உடனேயே வேலி வந்துவிட்டது.

"தினமும்" என்ற சொல்லைப் பார்த்ததும் ஓடியதைப் போடு என்பதும் அரைகுறை விதிதான். "அந்தக் காலத்தில் தினமும் கூப்பிடுவேன்" என்றால் ஓடியது: யமாப. "போன வாரம் தினமும் கூப்பிட்டேன்" என்றால் முடிந்தது: யமே. போன வாரம் என்று வேலி விழுந்துவிட்டது அல்லவா?

ஓடியது வரும் இடங்களைத் தமிழால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

(அ) "கொண்டிருந்தேன்" என்று சொல்லும் இடம்.

(ஆ) பழைய வழக்கம். இங்கே தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. "சின்ன வயசில் தினமும் ஆற்றில் குளிப்பேன்" என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகாலம்! நடந்துபோனதை இப்படி "பேன்" போட்டுச் சொல்லத் தோன்றினால், ஸ்பானிய மொழியில் அது ஓடியது.

(இ) சூழ்நிலை, தோற்றம், வயது, மணி. "வீடு பெரிதாக இருந்தது", "அப்போது மணி பத்து", "எனக்கு வயது 18". இங்கேதான் தமிழன் கவனமாக இருக்க வேண்டும். "இருந்தது" என்ற நம் ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். வர்ணனை என்றால் ஓடியது என்று முடிவு செய்யுங்கள்.

இப்போது ஒரு லாக் புத்தகப் பக்கத்தைப் பாருங்கள்:

"ஏரன் லஸ் தியேஸ். ல போம்ப ஃபுன்ஸியொனாப பியேன். எல் ஒபெரதோர் ரெபிஸாப எல் தப்லேரொ. தெ ப்ரோன்தொ ஸொனோ ல அலார்ம. எல் ஒபெரதோர் பரோ ல போம்ப. ஸெ அபீய ரோத்தொ ல பால்புல."

மணி பத்து. பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் பேனல் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அலாரம் அடித்தது. ஆபரேட்டர் பம்பை நிறுத்தினார். (அதற்கு முன்பே) வால்வு உடைந்துபோயிருந்தது.

முதல் மூன்று வரிகள் மேடை அமைப்பு, எல்லாம் ஓடியது. அலாரம் அடித்ததும் கதை நகர்கிறது. அடித்தது, நிறுத்தினார் இரண்டும் முடிந்தது. கடைசி வரி அலாரத்துக்கும் முன்னால் நடந்தது, ஆகவே முந்தியது. மேடை ஓடியதில், நடிப்பு முடிந்ததில். இந்த ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்தால் விதிப் புத்தகமே வேண்டாம்.

மூன்றாவதும் நான்காவதும்

ஒட்டியது: இன்றைய பொழுதோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்தகாலம். ஒரு துணைவினையும் ஒரு எச்சமும் சேர்ந்தது. துணைவினை: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன். எச்சம்: தொமாதொ, கொமீதொ, ஸலீதொ. "ஏ கொமீதொ" என்றால் சாப்பிட்டாச்சு. எச்சம் ஆளுக்கு ஆள் மாறாது. துணைவினை மட்டும் மாறும். நம் "சாப்பிட்டிருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறாய்" போலத்தான்.

முந்தியது: துணைவினையை ஓடியதாக மாற்றினால் போதும். அபீய, அபீயஸ், அபீய, அபீயமொஸ், அபீயய்ஸ், அபீயன். "அபீய கொமீதொ" என்றால் சாப்பிட்டிருந்தேன்.

சில எச்சங்கள் அடங்காப்பிடாரிகள். அடிக்கடி வருபவை: ஏச்சொ (செய்த), தீச்சொ (சொன்ன), பீஸ்தொ (பார்த்த), எஸ்க்ரீத்தொ (எழுதிய), அபியேர்த்தொ (திறந்த), ரோத்தொ (உடைந்த), புவேஸ்தொ (வைத்த), புவேல்த்தொ (திரும்பிய), முவேர்த்தொ (இறந்த). "ச்சொ, ஸ்தொ, த்தொ" என்று மூன்று கட்டாகக் கட்டி, பாட்டுப் போல வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாட்டுக்கு நாடு வழக்கு மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று காலை சாப்பிட்டதை மாட்ரிட் நகரத்தார் ஒட்டியதில் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் அதையே முடிந்ததில் சொல்வார்கள். இரண்டும் சரிதான். நீங்கள் யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்கள் வழக்கைப் பின்பற்றுங்கள்.

முரட்டு வினைகளை அடக்குவது எப்படி?

முடிந்ததில்தான் விதிவிலக்குகள் அதிகம். தனித்தனியாகப் படித்தால் பயமாக இருக்கும். மூன்று பெட்டிகளாகப் பிரித்தால் பயம் போய்விடும்.

ஊ பெட்டி: தூபெ (எனக்கு இருந்தது, கிடைத்தது), எஸ்தூபெ (இருந்தேன்), பூதெ (என்னால் முடிந்தது), பூஸெ (வைத்தேன்), ஸூப்பெ (தெரியவந்தது).

ஈ பெட்டி: ஈஸெ (செய்தேன்), கீஸெ (விரும்பினேன்), பீனெ (வந்தேன்).

ஹ பெட்டி: தீஹெ (சொன்னேன்), த்ராஹெ (கொண்டுவந்தேன்).

எல்லாவற்றுக்கும் விகுதி ஒன்றே: எ, ஈஸ்தெ, ஒ, ஈமொஸ், ஈஸ்தெய்ஸ், இயேரொன். ஹ பெட்டியில் மட்டும் கடைசி விகுதி "ஏரொன்": திஹேரொன். இவை மொழியைக் கெடுத்தவை அல்ல. பழைய லத்தீன் வடிவங்களை விடாமல் பிடித்துக்கொண்டவை. தினமும் வாயில் புழங்கும் சொற்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. நாம் "வருந்தேன்" என்று சொல்லாமல் "வந்தேன்" என்று சொல்லவில்லையா?

இன்னொன்று: "இருத்தல்" (ஸேர்), "போதல்" (ஈர்) ஆகிய இரண்டுக்கும் முடிந்ததில் ஒரே வடிவம்! ஃபுயீ, ஃபுயீஸ்தெ, ஃபுவே, ஃபுயீமொஸ், ஃபுயீஸ்தெய்ஸ், ஃபுவேரொன். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். "ஃபுவே அல் மெர்காதொ" என்றால் மார்க்கெட்டுக்குப் போனான். "ஃபுவே மெகானிக்கொ" என்றால் மெக்கானிக்காக இருந்தான். இரண்டுக்கும் ஒரே பட்டியல் என்பதால் நமக்கு லாபம்தான்.

காலம் மாறினால் பொறுப்பும் மாறும்

இது இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. சில வினைகள் காலத்தோடு பொருளையே மாற்றிக்கொள்ளும்.

"ஸபீய கெ ல பால்புல பெர்தீய ஆகுவ": வால்வு ஒழுகுவது எனக்குத் தெரிந்தே இருந்தது.
"ஸூப்பெ கெ ல பால்புல பெர்தீய ஆகுவ": வால்வு ஒழுகுவது எனக்குத் தெரியவந்தது.

ஒரு விபத்து நடந்து விசாரணை வந்தால், முதல் வாக்கியம் சொன்னவர் "தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வாக்கியம் சொன்னவர் அப்போதுதான் தெரிந்துகொண்டவர்.

"தெனீய கெ பரார் ல போம்ப": பம்பை நிறுத்த வேண்டியிருந்தது (நிறுத்தினானா என்பது தெரியாது).
"தூபெ கெ பரார் ல போம்ப": வேறு வழியின்றி நிறுத்தினேன் (நிறுத்தியாயிற்று).

"பொதீய": முடியும் நிலையில் இருந்தேன். "பூதெ": முயன்றேன், முடிந்தது. "நோ பூதெ": முயன்றும் முடியவில்லை.

"நோ கெரீய": எனக்கு மனமில்லை. "நோ கீஸெ": மறுத்துவிட்டேன்.

மனமில்லாமல் வேலை செய்தவனுக்கும், வேலை செய்ய மறுத்தவனுக்கும் எவ்வளவு தூரம்! அந்தத் தூரம் முழுவதும் ஒரு விகுதிக்குள் இருக்கிறது. வேலி விதியை இங்கேயும் பொருத்திப் பாருங்கள். "தெரியும்" என்ற நிலைக்கு ஓர் ஆரம்பப் புள்ளி வைத்தால் அது "தெரியவந்தது" ஆகிவிடுகிறது. தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

மறக்காமல் இருக்க

1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து வெளியிட்டார். படித்த உடனேயே மறதி வேகமாகத் தொடங்குகிறது. பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. 2006-இல் அமெரிக்காவின் ரோடிகர், கார்பிக்கி இருவரும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். எக்ஸாமுக்கு முந்தின இரவு நோட்டைப் பத்து முறை புரட்டும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் கையாளும் முறை, 1972-இல் ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய அட்டைப் பெட்டி முறை. செலவே இல்லை. ஒரு பழைய செருப்புப் பெட்டியில் ஐந்து அறைகள் தடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிராயிங் ஷீட்டைச் சிறு அட்டைகளாக வெட்டுங்கள். முன்பக்கம் தமிழ் வாக்கியம், பின்பக்கம் ஸ்பானிய வாக்கியம். தனிச் சொல் எழுதாதீர்கள். முழு வாக்கியமே எழுதுங்கள். புது அட்டை எல்லாம் முதல் அறையில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறைக்கு வந்துவிடும். முதல் அறை தினமும், இரண்டாவது 2 நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது 4, நான்காவது 8, ஐந்தாவது 16 நாளுக்கு ஒருமுறை. தினமும் 15 நிமிடம் போதும். ரூம்மேட்டை முன்பக்கத்தைப் படிக்கச் சொல்லி நீங்கள் பதில் சொன்னால் இன்னும் நல்லது. வாய்விட்டுச் சொன்னால்தான் அழுத்தம் பழகும்.

முயன்று பாருங்கள்

கீழே உள்ளவை எந்தக் காலம்? விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் யோசியுங்கள்.

1. நேற்று ஐந்து மணி நேரம் வேலை செய்தேன். (முடிந்தது: அயேர் த்ரபஹே ஸீன்கொ ஓரஸ்.)
2. சின்ன வயசில் பால் குடிப்பேன். (ஓடியது: தெ நீஞொ தொமாப லேச்செ.)
3. டீ குடிச்சாச்சா? (ஒட்டியது: யா ஆஸ் தொமாதொ தே? டீயை அவர்களும் "தே" என்கிறார்கள், நம் தேநீரின் தே போலவே!)
4. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் புறப்பட்டுவிட்டிருந்தது. (சேர்ந்தது முடிந்தது, புறப்பட்டது முந்தியது: குவான்தொ யெகாமொஸ், எல் த்ரேன் யா அபீய ஸலீதொ.)

நான்கும் சரியென்றால் உங்களுக்கு அடிப்படை வந்துவிட்டது. ஸ்பானிய மொழிக்கான தேலே சான்றிதழ்த் தேர்வுகளில் ஏ2 நிலைக்கு முதல் மூன்று காலங்களும் தேவை. முந்தியதையும் சேர்த்துக்கொண்டால் அதற்கு அடுத்த நிலைக்கும் அடித்தளம் போட்டதாகும்.

கடைசியாக ஒன்று. நம் ஒர்க்‌ஷாப் ரெக்கார்டில் ஏதாவது ஒரு எக்ஸர்சைஸை எடுத்துக்கொள்ளுங்கள். "மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஜாப்பைப் பொருத்தினேன், டூல் ஏற்கெனவே மழுங்கியிருந்தது, மாற்றினேன்" என்று பத்து வரி தமிழில் எழுதி, ஒவ்வொரு வினைக்கும் மேலே முடிந்ததா, ஓடியதா, ஒட்டியதா, முந்தியதா என்று குறித்துப் பாருங்கள். அதன் பிறகு ஸ்பானியச் சொல்லைத் தேடுங்கள். முதலில் காலம், பிறகு சொல். இந்த வரிசையை விடாமல் பிடித்தால் ஒரு செமஸ்டருக்குள் கை பழகிவிடும். வாழ்த்துக்கள்!